அப்சார்பர் அண்ணனும் என் அறுபத்தெட்டு கிலோவும்

சிங்கப்பூரில் இதுவரை கடைக்குப் போய்ப் பொருள் வாங்கியவர்களிலேயே மிகமிக மெதுவாக வாங்கியவர் யார் என்று போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் அப்சார்பர் அண்ணனுக்குத்தான். பரிசை வாங்கிக்கொள்ளவே அவர் மூன்று வாரம் கழித்துத்தான் வருவார். அந்தக் கோப்பை இதற்கு முன்னால் யார் வீட்டில் இருந்தது, அவர்கள் அதை ஒழுங்காக வைத்துக்கொண்டார்களா என்று விசாரிக்க வேண்டாமா?

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாருக்கும் அது தெரியாது. ஜூரோங் கப்பல் பட்டறையில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலை. வேலை முடிந்து வந்ததும் புளோக்குக்குக் கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் குந்திக்கொண்டு அடுத்தவர் பைக்கின் பின்சக்கரத்தை முறைத்துப் பார்ப்பார். பின்சக்கரத்துக்கும் சீட்டுக்கும் நடுவே ஸ்பிரிங் சுற்றிய தண்டு ஒன்று இருக்கிறதல்லவா, பள்ளத்தில் விழும்போது நம் இடுப்புக்குப் பதிலாக அடி வாங்கிக்கொள்வது, அதுதான் அப்சார்பர். சிலருக்குப் பந்தாட்டம், சிலருக்கு அரசியல், இவருக்கு அது. லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். "முதுகு எப்படி இருக்கு?" என்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் அவரை எலும்பு டாக்டர் என்று நினைத்து முட்டிவலியைக் காட்டியதுண்டு. அவரும் சளைக்காமல், "என்ன பைக்கு ஓட்டுறீங்க?" என்று கேட்டு மருந்து சொல்வார்.

இந்த மகானிடம் நான் போய் விழுந்ததற்குக் காரணம் என் மனைவி கலைச்செல்வி. அவளுக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, விடியற்காலை ஷிப்டு. தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முதல் ரயிலைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆகவே என் பைக்கின் பின்சீட்டுதான் அவளுடைய கம்பெனி பஸ். என் அப்சார்பரோ எண்ணெய் கக்கிச் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. விரைவுச்சாலையில் எத்தனை பாலங்கள், ஒவ்வொரு பாலத்திலும் எத்தனை இணைப்புகள் என்பதை அவள் முதுகெலும்பு மனப்பாடமாகச் சொல்லும்.

ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, இந்த மாசக் கடைசிக்குள்ள இத சரி பண்ணல, நான் ரிசைன் பண்ணிடுவேன். பைக்குக்கு ஸ்பேர் கிடைக்கும். என் முதுகுக்குக் கிடைக்காது லா."

பன்னிரண்டு வருடம் போராடி சூப்பர்வைசர் ஆனவள். சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை. அன்று மாலையே அப்சார்பர் அண்ணனிடம் ஓடினேன்.

புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னதுதான் தாமதம், அப்சார்பர் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார்.

"புதுசா? புதுசுக்கு என்ன தம்பி அனுபவம் இருக்கு? கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்தது வெறும் ஸ்பிரிங்கு. செகண்ட் ஹேண்ட்ல ஒசந்த சாமான் ஒண்ணு எடுத்துப் போடுவோம். தங்கச்சி பின்னாடி உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே போகலாம்."

சனிக்கிழமை உபி வட்டாரத்தில் ஒரு பழைய சாமான் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் ஒரு சீன அங்கிள். அண்ணனைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கிலிருந்தே பழைய வாடிக்கையாளர் என்று புரிந்துகொண்டேன். அண்ணன் ஓர் அப்சார்பரை எடுத்தார். தண்டை விரலால் தடவினார், விரலை முகர்ந்தார். தரையில் ஊன்றி முழு பலத்தோடு அமுக்கினார், விட்டார், அது எழும்பி வருவதைக் காதை வைத்துக் கேட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் பாடச் சொல்லிக் கேட்பார்களே, அந்தப் பவ்யம். பிறகு விசாரணை தொடங்கியது. முதல் வாரம் பார்த்ததை உணவு டெலிவரி பையன் ஓட்டினானாம். "ஓயாம அலஞ்ச சாமான், வேணாம்" என்று தள்ளிவிட்டார். இரண்டாம் வாரம் பார்த்ததன் சொந்தக்காரருக்குக் கல்யாணமாகி, மாமியாரும் கூடவே இருந்தாராம். "மாமியாரையும் ஏத்தியிருப்பான். வேணாம்." மூன்றாம் வாரம் வந்த அப்சார்பர் பார்க்க லட்சணமாக இருந்தது.

"திஸ் மேன் மேரிட் ஆர் நாட்?" என்று கேட்டார் அண்ணன்.

"நாட் மேரிட் லா."

"கேர்ள்பிரண்ட் ஹேவ் ஆர் நாட்?"

அங்கிள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். "யூ பையிங் அப்சார்பர் ஆர் பையிங் சன்-இன்-லா?"

அண்ணன் அசையவில்லை. கேர்ள்பிரண்ட் இருந்தால் பின்சீட்டில் ஏற்றியிருப்பான், ஏற்றியிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இது அவர் சித்தாந்தம். கடைசியில் அங்கிள் நொந்துபோய் அந்தப் பையனுக்கே போன் போட்டுக் கொடுத்தார். யாரென்றே தெரியாத ஒரு வாலிபன், யாரென்றே தெரியாத ஓர் ஆளிடம், தனக்கு இதுவரை காதலி அமையவில்லை என்று சனிக்கிழமை மத்தியானத்தில் சத்தியம் செய்தான். சம்பந்தம் முடிந்தது.

மாதம் முடிய இன்னும் ஒரு வாரம்தான். மறுநாளே பொருத்திவிட்டார். ஆனால் பொருத்துவதோடு விட்டால் அது வேறு யாரோ. ஓட்டுகிறவர் எடை, பின்னால் உட்காருகிறவர் எடை, இரண்டுக்கும் சரியாக ஸ்பிரிங்கை முறுக்கி வைக்க வேண்டும். அதற்கு எங்களை உட்காரச் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார்.

"ஆளு உக்காந்தா ஆடுவான், பேசுவான், போனப் பாப்பான். அரிசி மூட்ட பேசாது."

தன் வீட்டிலிருந்தும் தெரிந்த நாலு வீட்டிலிருந்தும் மாத அரிசி மூட்டைகளைக் கீழே இறக்கியிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். ஏழாம் மாடியிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது: "அரிசி எப்ப மேல வரும்? இங்க உலை கொதிக்குது!"

"தங்கச்சி, உங்க எடை?" என்றார்.

"அறுபத்தொண்ணு" என்றாள் கலைச்செல்வி, கண்ணைக்கூட இமைக்காமல்.

"தம்பி?"

"அறுபத்தெட்டு" என்றேன்.

அது பொய் என்று சொல்ல முடியாது. இளவயதில் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியில் இருந்தபோது என் எடை அறுபத்தெட்டுதான். நடுவில் நடந்த சில்லறை மாற்றங்களை நான் பொருட்படுத்தவில்லை, அவ்வளவே. அண்ணன் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். தலையாட்டினார். அறுபத்தெட்டு கிலோ அரிசியை முன்சீட்டிலும் அறுபத்தொன்றைப் பின்சீட்டிலும் ஏற்றி, டேப் வைத்து அளந்து, ஸ்பிரிங்கின் வளையத்தைக் கொக்கிச் சாவியால் அரை அரைச் சுற்றாகத் திருப்பினார். அரிசியைப் பொறுத்தவரை அது உலகத்தரமான பைக்.

திங்கள்கிழமை காலை முதல் பாலத்திலேயே 'டொக்' என்றது. பழைய அப்சார்பராவது செத்த பிறகு அடித்தது, இது உயிரோடு அடித்தது.  சாங்கியில் இறங்கியதும், "சரி, நான் லெட்டர் எழுதிடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மாலையில் நிறுத்துமிடத்தில் பஞ்சாயத்து கூடியது. அண்ணனின் கணக்கு தப்பியது சரித்திரத்திலேயே முதல் முறை என்பதால் புளோக்கில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "பொம்பளைங்க எப்பவும் அஞ்சு கிலோ கொறச்சுத்தான் சொல்வாங்க லா." எல்லோரும் கலைச்செல்வியைப் பார்த்துச் சிரித்தார்கள். வாரம் தவறாமல் பத்திரிகையில் உண்மையையும் நேர்மையையும் பற்றி எழுதுகிற நான் என்ன செய்தேன்? மேகங்களைப் பார்த்தேன். அன்றைக்கு மேகங்கள் அவ்வளவு சுவாரசியமாக இருந்தன. இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

 மறுநாள் மாலை கலைச்செல்வி வேலையிலிருந்து நேராக நிறுத்துமிடத்துக்கு வந்து, அண்ணன் கையில் ஒரு சீட்டை வைத்தாள். விமானத்தில் ஏற்றும் சரக்கை நிறுக்கும் தராசில் ஏறி நின்று, எடையை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். அறுபத்தொன்று புள்ளி இரண்டு.

"இது பொய் சொன்னா பிளேன் பறக்காதுண்ணே. இன்னும் யாருக்காவது சந்தேகம் இருக்கா?" தீர்ப்புச் சொன்னவர் லிஃப்ட் பக்கம் நகர்ந்தார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு நீங்களும் வந்து ஏறுங்க."

 அண்ணன் சீட்டைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் சட்டைப் பொத்தான்கள் படும் பாட்டைப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

"வேணாம்மா" என்றார். "தம்பி எடை சரிதான். சாமான்தான் மோசம். அந்தப் பய நம்மள ஏமாத்திட்டான். கேர்ள்பிரண்டு இருந்திருக்கா."

சொன்னதோடு நிற்காமல் தன் பைக்கிடம் போய்க் குந்தினார். அவருடையதும் என்னுடையதும் ஒரே ரகப் பைக். அதன் பின்னால் ஒரு தங்க நிற அப்சார்பர் உண்டு. அதை யாரும் தொடக் கூடாது, மழையில் துணி போட்டு மூடி வைப்பார். மூன்று வருடம் தேடி, ஒரு பாதிரியார் ஓட்டிய பைக்கிலிருந்து வாங்கியது. பிரம்மச்சாரி என்பதற்கு இதைவிட உத்தரவாதம் எங்கே கிடைக்கும்? எத்தனை கனத்தையும் தாங்கும் என்று அவர் பெருமையடிக்காத நாள் கிடையாது. அதைக் கழற்றினார், என் பைக்கில் மாட்டினார். எங்கள் பேச்சிலர் சாமானைத் தன் பைக்கில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விரைவுச்சாலையில் பாலங்கள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பின்னால் சத்தமே இல்லாததால் விழுந்துவிட்டாளோ என்று பயந்து கண்ணாடியில் பார்த்தேன். வெளுத்து வரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். ராஜினாமாக் கடிதம் எழுதப்படவே இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு ரயிலில் ஏறினேன். எதிர் இருக்கையில் அப்சார்பர் அண்ணன், மடியில் ஓர் அரிசி மூட்டை, காலுக்கிடையில் இன்னொன்று.

"என்னண்ணே ரயில்ல? பைக் என்னாச்சு?"

"பைக்குக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. அந்த சாமான் என்னையும் உங்க அண்ணியையும் தாங்குது. மாசச் சாமானும் சேந்தா தாங்கல. அதான் அரிசிக்கு மட்டும் ரயிலு."

காய்கறிப் பையைக் கீழே வைத்தேன். ரயிலில் எல்லோரும் கேட்கும்படி, "அண்ணே, நான் அறுபத்தெட்டு இல்ல, எண்பத்தாறு" என்றேன்.

"எண்பத்தெட்டு" என்றார் அவர். "முந்தாநாள் நீ தங்கச்சிய ஏத்திக்கிட்டுக் கெளம்பறப்ப பின்னாடி எவ்வளவு எறங்குச்சுன்னு பாத்தேன். ரெண்டு கிலோ ஏறியிருக்க."

"தெரிஞ்சுமா அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

"புளோக்கே நிக்குது, பொண்டாட்டி முறைக்குது. ஒன் மூஞ்சியப் பாக்க முடியல தம்பி." மடியிலிருந்த மூட்டையை நிமிர்த்தி வைத்தார். "அந்தப் பையனுக்குத்தான் பாவம், அநியாயமா கேர்ள்பிரண்டு ஒட்டி வச்சிட்டேன்."

அன்று இரண்டு மூட்டைகளையும் நானே தூக்கிவந்து ஏழாம் மாடியில் சேர்த்தேன். மாலையில் நிறுத்துமிடத்தில் அதே கூட்டத்துக்கு முன்னால் என் எடையை அறிவித்தேன். "கடைசி வரிசைக்குக் கேக்கல" என்றாள் கலைச்செல்வி. மறுபடியும் சொன்னேன். அப்சார்பரைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு மட்டும் அண்ணன் சம்மதிக்கவில்லை. தங்கச்சி முதுகு முக்கியம் என்றுவிட்டார்.

போன வருடம் என் பைக்கைச் சாலையில் ஓட்ட அரசாங்கம் தந்த பத்தாண்டு உரிமம் முடிந்து அதைக் காயலாங்கடைக்கு அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் தங்க நிற அப்சார்பரைக் கழற்றி, துடைத்து, செய்தித்தாளில் சுற்றி ஏழாம் மாடிக்கு எடுத்துப் போனேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தண்டைத் தடவினார், விரலை முகர்ந்தார், தரையில் ஊன்றி அமுக்கிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு, என்னை முன்பின் பார்த்தேயிராதவர் போல் கேட்டார்.

"யாரு ஓட்டினது? கல்யாணம் ஆனவரா?"

"ஆனவர்தாண்ணே. எண்பத்தொம்பது கிலோ."

"ஆளு எப்படி? உண்மையச் சொல்ற ஆளா?"

"இப்பல்லாம் சொல்றார்ணே."

"அப்ப சரி, எடுத்துக்கலாம்" என்று அதை மடியில் வைத்துக்கொண்டார்.

கிளினிக்கிலோ, காப்பீட்டுப் படிவத்திலோ, சொந்தக்காரர் கல்யாணத்திலோ யார் கேட்டாலும் நான் இன்றும் அறுபத்தெட்டு கிலோதான். அவர் ஒருவரிடம் மட்டும் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.