மியூசியத்துல நான் கடிச்ச கறிபாப்

போன வெள்ளிக்கிழமை எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பினாங்குல ஒரு மியூசியத்துல இருக்கிற கஃபேவுல ஆறு பேருக்கு மேசை பிடிச்சு வைக்கணும்.

அவ்வளவுதான். ஃபேக்டரி ஸ்டோர்ல முப்பது வருஷம் சூப்பர்வைசரா இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

ஆனா விஷயம் கொஞ்சம் பெருசு. என் மக அஞ்சலின் ஒரு பையனை விரும்புறா. பேரு டேனியல். நல்ல பையன். மியூசியத்துக்குப் பின்னாடி இருக்கிற அரசாங்க ஆபீஸ்ல வேலை. அவனோட அப்பா அம்மா அக்கரையில இருக்கிற செபராங் ஜெயாவுல இருந்து எங்களைப் பார்க்க வர்றாங்க. முதல் சந்திப்பு. வெள்ளிக்கிழமை தொழுகைக்காக ஆபீஸ்ல மத்தியானம் ரொம்ப நேரம் விடுவாங்க இல்லையா, அதனால அந்த நாளாப் பார்த்து வச்சாங்க.

"ஹோட்டல், கோட்டு எல்லாம் வேண்டாம்ப்பா. மியூசியம் கஃபேல சிம்பிளா சாப்பிட்டுப் பேசலாம்"னா அஞ்சலின்.

என் மனைவி ரீத்தாவுக்கு இடத்தைப் பத்திக் கவலை இல்ல. என் வாயைப் பத்திதான் கவலை.

அதுக்குக் காரணம் இருக்கு. போன வருஷம் ஒரு வரன் வந்துச்சு. எல்லாம் நல்லாத்தான் போச்சு. சாப்பாட்டு நேரத்துல பையனோட அப்பா, "எங்க வீட்டுல மீன் கறிக்கு மாங்காதான் போடுவோம்"னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். "மாங்கா போடுறவங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா?"ன்னு கேட்டுட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். அவங்க சிரிக்கல. கேசரி வர்றதுக்குள்ள எழுந்து போயிட்டாங்க.

அதனால இந்தத் தடவை ரீத்தா தெளிவா சொல்லிட்டா. "மேசை பிடிங்க. உட்காருங்க. சாப்பிடுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க!"

"வாயைத் திறக்காம எப்படி சாப்பிடுறது?"

"பார்த்தீங்களா? இதுதான். இதைத்தான் சொல்றேன்."

அஞ்சலின் "அப்பா, ப்ளீஸ்ப்பா"ன்னு மட்டும் சொன்னா. அது எனக்கு நல்லா உறைச்சுது.

சரி. ரீத்தாவும் மகளும் ஃபெர்ரியில வர்ற சம்பந்திகளைக் கூட்டிக்கிட்டு வர ஜெட்டிக்குப் போனாங்க. நான் பாயான் பாருவுல இருந்து பஸ் ஏறி பன்னிரண்டு மணிக்கே மியூசியம் வந்துட்டேன். கடமை உணர்ச்சி!

உள்ள நுழைஞ்சு இடது பக்கம் திரும்பினேன். அடடா! மார்பிள் மேசை, வளைஞ்ச மர நாற்காலி, கண்ணாடி ஜாடியில பிஸ்கட், சுவத்துல பழைய கடிகாரம். அச்சு அசலா நம்ம ஊரு பழைய கோப்பிக்கடை. கப்பு உரசுற சத்தமும் ஆளுங்க பேசுற சத்தமும் கேக்குது. கஃபேன்னா இதுதான் கஃபே!

யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா கௌரவம் குறைஞ்சிடுமே!

வாசல்ல குறுக்கே ஒரு கயிறு. கூட்டத்தை வரிசையில நிறுத்தக் கட்டியிருக்காங்கன்னு நினைச்சேன். ஒரு பக்கம் கழட்டி, உள்ள போயி, நல்ல பிள்ளையா மறுபடியும் மாட்டிட்டேன்.

பெரிய மேசை ஒண்ணு. சரியா ஆறு நாற்காலி. மேசையைப் பிடிக்கிறதுக்குன்னு ஒரு முறை இருக்கே. ஒரு நாற்காலியில குடை. ஒண்ணுல தொப்பி. ஒண்ணுல டிஷ்யூ பாக்கெட். ஒண்ணுல பேப்பர். இன்னொண்ணுக்கு எதுவும் இல்லாம, கைக்குட்டையை விரிச்சு வச்சேன். ஆறாவதுல நான்.

மூக்குக் கண்ணாடியை வீட்டுலயே மறந்துட்டு வந்திருந்தேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

கவுன்டருக்குப் பின்னாடி கடை முதலாளி, அதான் தௌக்கே, நின்னாரு. வெள்ளைப் பனியன், தோள்ல துண்டு, குனிஞ்சு கோப்பி வடிகட்டிக்கிட்டு இருக்காரு.

"அங்கிள்! கோப்பி ஓ, சீனி வேண்டாம், ஒண்ணு!"

அவர் திரும்பல.

எனக்குச் சந்தேகமே வரல. ஏன் வரணும்? பினாங்கு கோப்பிக்கடையில எந்தத் தௌக்கே திரும்பிப் பார்த்திருக்காரு? ஆர்டர் சொன்னா தலையாட்ட மாட்டாங்க. காதுல விழுந்துச்சான்னு கேட்டா கோவம் வரும். ரெண்டாந்தரம் சொன்னா கோப்பி இன்னும் லேட்டாகும். பேசாம உட்கார்ந்தா தானா வரும். சின்ன வயசுல இருந்து நமக்குப் பழக்கம்தானே. திரும்பி, "எஸ் சார்"னு சிரிச்சிருந்தாத்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

பத்து நிமிஷம் ஆச்சு.

ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு என்னைப் போட்டோ எடுத்தாங்க. நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து சிரிச்சேன். அந்தம்மா ஒரு துள்ளு துள்ளி, புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. வெயில்ல அலைஞ்சு பழக்கமில்லாதவங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

இருபது நிமிஷம். நான் கேட்ட பால் இல்லாத கோப்பி வரல. ரீத்தா மெசேஜ் பண்ணா. "வந்துட்டோம். எங்க இருக்கீங்க?"

"உள்ள வா. இடது பக்கம். மேசை ரெடி"ன்னு பெருமையா அனுப்பினேன்.

அப்பதான் பசி கிள்ளுச்சு. காலையில பசியாறவே இல்ல. மேசை மேல ஒரு தட்டுல நாலு கறிபாப், உள்ள கிழங்குக் கறி வச்சு மடிச்சுப் பொரிச்சது. பழைய கடைங்கள்ல அப்படித்தானே? பலகாரத்தை மேசையிலயே வச்சிருப்பாங்க, எத்தனை சாப்பிட்டமோ அதை எண்ணிக் காசு குடுப்போம். தட்டுக்குப் பக்கத்துல 'தொடாதீர்கள்'னு மூணு மொழியில ஒரு அட்டை. எழுத்து பெருசு, கண்ணாடி இல்லாமலே படிச்சேன். நல்ல பழக்கம்! எல்லாக் கடையிலயும் இப்ப எழுதி வச்சிருக்காங்க, கையால தொடக் கூடாது, இடுக்கியால எடுக்கணும்னு. இடுக்கியைத் தேடினேன். காணோம். டிஷ்யூவால சுத்தமா எடுத்தேன்.

கடிச்சேன்.

டொக்!

கறிபாப்புக்கு ஒண்ணும் ஆகல. லேசா ஒரு பல் தடம், அவ்வளவுதான். எனக்குத்தான் ஆச்சு. முன்னாடி கட்டியிருந்த ரெண்டு பல்லும் கழண்டு, மேசை மேல ஒரு துள்ளு துள்ளி, கீழ விழுந்து உருண்டு ஓடிடுச்சு.

கறிபாப்பைத் திருப்பிப் பார்த்தேன். சுண்ணாம்பு! மேல பெயின்ட்! தௌக்கேயைப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கி நல்லாப் பார்த்தேன். அந்த மனுஷன் இருபது நிமிஷமா ஒரே கப்புல கோப்பி ஊத்திக்கிட்டு இருக்காரு. கோப்பி ஒரு சொட்டு கூட விழல. கப்புச் சத்தமும் பேச்சுச் சத்தமும் மேல இருக்கிற ஸ்பீக்கர்ல இருந்து வருது.

நான் உட்கார்ந்திருக்கிறது கஃபேல இல்ல. கண்ணாடிப் பெட்டி மட்டும்தான் இல்ல, மத்தபடி நானும் மியூசியப் பொருள்தான்!

முதல்ல பல்லு வேணும். மேசைக்கு அடியில மண்டி போட்டுப் போனேன். ஒரு பல்லு நாற்காலிக் காலுக்குப் பக்கத்துல. இன்னொண்ணு தௌக்கே காலடியில. மெதுவா ஊர்ந்து போயி எடுத்து, சட்டைப் பையில போட்டுக்கிட்டு நாற்காலியில வந்து உட்கார்றேன், நடையில பேச்சுக் குரல்.

"இந்தப் பக்கம்தான் சொன்னாரு. வாங்க அண்ணே, வாங்க அக்கா." ரீத்தாவோட குரல்!

எழுந்திரிச்சா தெரிஞ்சிடும். வாயைத் திறந்தா ரெண்டு பல்லு இல்ல. என்ன செய்யிறது? எனக்கு அந்த நேரத்துல ஒரே ஒரு யோசனைதான் வந்துச்சு. அசையாம உட்கார்ந்துட்டேன். வாயை இறுக்கி மூடிக்கிட்டு, கண்ணைத் தௌக்கே மேல வச்சுக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு.

முதல்ல வந்தது சம்பந்திங்க ரெண்டு பேரும். ஜோசப் அண்ணனும் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும். போட்டோவுல பார்த்திருக்கேன்.

"ஐயோ, இங்க பாருங்களேன்! இந்தப் பொம்மை எவ்வளவு தத்ரூபமா இருக்கு!"ன்னாங்க ஸ்டெல்லா அக்கா. "மூக்குல வேர்வை கூட வச்சிருக்காங்க!"

"இப்பெல்லாம் எல்லாம் சிலிகான்லா"ன்னாரு ஜோசப் அண்ணே, ரொம்பத் தெரிஞ்ச மாதிரி. "வயித்தைப் பாரு, அளவெடுத்துச் செஞ்சிருக்கான்."

வயித்தைப் பத்திச் சொன்னது எனக்குப் பிடிக்கல. இருந்தாலும் பொறுத்துக்கிட்டேன்.

தூண் பக்கத்துல நின்ன ரீத்தா, "இவரு எங்க போய்த் தொலைஞ்சாரோ தெரியலையே"ன்னு போனைத் தட்டினா.

பொம்மையோட சட்டைப் பை மணி அடிச்சுது.

ஸ்டெல்லா அக்கா போட்ட சத்தத்துல செக்யூரிட்டி அக்கா ஓடி வந்தாங்க. நம்ம ஆளு, தமிழ் அக்கா. கயித்தைக் கழட்டி உள்ள வந்து, என்னைப் பார்த்தாங்க. நாற்காலியில இருந்த குடை, தொப்பி, கைக்குட்டையைப் பார்த்தாங்க. தட்டைப் பார்த்தாங்க. அவங்களுக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு.

நான் வாய் மேல டிஷ்யூவை வச்சுக்கிட்டு, கெஞ்சுற மாதிரி ஒரு பார்வை பார்த்தேன். வெளிய அஞ்சலின் மூஞ்சி வெளுத்துப் போயி நிக்குறா. செக்யூரிட்டி அக்கா அவளையும் பார்த்தாங்க, பட்டுச்சேலையில வந்த ஸ்டெல்லா அக்காவையும் பார்த்தாங்க.

"சம்பந்தி வீட்டுக்காரங்களா?"ன்னு என் காதுல கிசுகிசுத்தாங்க. தலையாட்டினேன்.

உடனே வெளிய திரும்பி, "ஒண்ணும் இல்லம்மா! நான்தான் அண்ணனைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னேன். போட்டோ எடுத்துப் பார்த்தோம், அம்சமா இருந்துச்சு!"ன்னு ஒரு போடு போட்டாங்க.

அந்த அக்கா நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

போற நேரத்துல நான் கறிபாப்பைக் காட்டி, மன்னிப்புக் கேக்குற மாதிரி கையெடுத்துக் கும்பிட்டேன். அவங்க பல் தடத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சாங்க. "விடுங்கண்ணே, நீங்க நாலாவது ஆளு. அதுக்குத்தான் அட்டையே வச்சோம்."

அப்புறம் உண்மையான கஃபேக்குப் போனோம். வலது பக்கம் இருக்கு. கதவுல போர்டு தொங்குது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலில இருந்து ரெண்டே முக்கா வரைக்கும் மூடியிருக்கும்.

அஞ்சலின் என்னைப் பார்த்தா. ரீத்தா என்னைப் பார்த்தா. இடம் தேர்ந்தெடுத்தது நான் இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். பல்லு ஞாபகம் வந்துச்சு. மூடிக்கிட்டேன்.

நல்ல வேளை, டேனியல் வந்து சேர்ந்தான். "அங்கிள், எங்க ஆபீஸ் கேண்டீனுக்குப் போலாமா? இந்த நேரம் காலியா இருக்கும். அங்க சமைக்கிற மலாய்க்கார மாக்சிக்கோட மீன் கறி நல்லா இருக்கும்."

மீன் கறின்னதும் ரீத்தா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கிட்டா.

கேண்டீன்ல பிளாஸ்டிக் நாற்காலி, சுழலாத ஒரு ஃபேன், சோறு குழம்பு எல்லாம் நாமே எடுத்துக்கணும். ஆனா சாப்பாடு அருமை! ஜோசப் அண்ணே துறைமுகத்துல வேலை பார்த்தவரு. பேச ஆரம்பிச்சாரு. கிரேனைப் பத்தி, கப்பலைப் பத்தி, அந்தக் காலத்து மேனேஜரைப் பத்தி. நிறுத்தவே இல்ல. நானும் நிறுத்தாத ஆளுதான். இன்னைக்கு மட்டும் தலையாட்டிக்கிட்டே, டிஷ்யூவால வாயை மறைச்சுக்கிட்டு, கடைவாய்ல சோத்தை மென்னுக்கிட்டு இருந்தேன்.

அப்பதான் அவரு மீனைப் பிட்டு வாயில போட்டு, தலையை ஆட்டினாரு. "கறி நல்லாத்தான் இருக்கு. ஆனா புளி ஊத்திட்டாங்க. மீன் கறிக்கு மாங்கா போடணும். புளி ஊத்துறவங்களுக்கு நாக்கே கிடையாது லா!"

மேசைக்கு அடியில ரீத்தாவோட கால் என் கால் மேல ஏறி நின்னுச்சு. அஞ்சலின் கையில எடுத்த சோறு வாய்க்குப் போகல.

என் தொண்டை வரைக்கும் வந்துடுச்சுங்க. மூணு பதில் வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணும் நல்ல பதில்! சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ரெண்டு பல்லும் அங்கதான் இருக்கு.

தலையாட்டினேன்.

ஜோசப் அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம்! என் முதுகுல ஒரு தட்டு தட்டினாரு. "சம்பந்தி நம்ம கட்சி!"

சம்பந்தின்னு சொல்லிட்டாரு! அந்தப் பக்கம் டேனியல் முள்ளை எடுத்துட்டு மீனை அஞ்சலின் தட்டுல வைக்கிறான். அவ சிரிக்கிறா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. வாய் விட்டுச் சிரிக்கணும் போல இருந்துச்சு. அதுக்கும் வழி இல்ல.

ஸ்டெல்லா அக்கா ரீத்தாகிட்ட மெதுவா சொன்னாங்க. "உங்க வீட்டுக்காரரு ரொம்ப அடக்கமானவருங்க. ஒரு வார்த்தை அதிகமாப் பேசல. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனைப் பார்க்க முடியுமா?"

ரீத்தா இருபத்தெட்டு வருஷமா என்கூட வாழ்றா. அவளுக்கு அன்னைக்குத்தான் புரை ஏறுச்சு.

வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து காட்டினேன். சட்டைப் பையில இருந்த பல்லையும் காட்டினேன். அஞ்சலின் சோபாவுல விழுந்து விழுந்து சிரிச்சா. நான் உடனே பல் டாக்டருக்குப் போன் போட எடுத்தேன். ரீத்தா போனை வாங்கி வச்சுட்டா.

கல்யாணம் டிசம்பர்ல. பல்லு ஜனவரியிலதானாம்.