பெண் பார்க்கப் போன சவுண்டு கார்டு

பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவும் பழமும் கொண்டுபோவார்கள். நான் கூடவே கம்ப்யூட்டரில் செருகுகிற ஒரு பழைய சவுண்டு கார்டையும் கொண்டுபோனேன். (அன்று காலைதான் பழைய சாமான் கடையில் கிடைத்தது. பிரிய மனசு வரவில்லை.)

மும்பை தாராவியில், நாங்கள் பார்க்கப் போன பெண் செல்வியின் அப்பாவுக்கு முறுக்கு மொத்த வியாபாரம். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். பில் போட இன்னும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்தான். வாசலில் நவி மும்பை வாஷிக்குச் சரக்கு ஏற்றிய டெம்போ பில்லுக்காக நின்றது.

"பொண்ணு பாடுமா?" என்று என் அம்மா கேட்டாள்.

"எனக்கு வராது அத்தை. அவங்க பாடுவாங்களா?" என்றாள் செல்வி.

நான் பையிலிருந்து கார்டை எடுத்தேன். "எனக்கும் வராது. ஆனா இந்தக் கம்ப்யூட்டரைப் பாட வைப்பேன்!"

"எங்க குடும்பத்துலயே மொதல்ல படிச்சவன்லா!" என்றாள் அம்மா. (அன்று அவள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.)

கார்டைச் செருகியபடியே சரித்திரப் பாடம் எடுத்தேன். "ஆரம்பத்துல கம்ப்யூட்டருக்கு 'பீப்' மட்டும்தான் வரும், மாமா. அப்புறம் தானா ராகம் போடுற கார்டு வந்துச்சு. அதுக்குப் பொறவுதான் ரெக்கார்டு பண்ணுன மனுசக் குரலு..."

"பாட்டு எப்ப வரும், மாப்ள?"

வந்தது. கார்டோடு கிடைத்த பிளாப்பியிலிருந்த சோதனை மெட்டு கணீரென்று ஒலித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மாமா டெம்போவுக்குப் பில் போட்டார். பிரிண்டர் அரை வரி அடித்து நின்றுவிட்டது.

கார்டும் பிரிண்டரும் கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன: ஏழு. அந்தக் காலத்துக் கார்டுகளின் தீராத வியாதி அது. கார்டைக் கழற்றிப் போட்டிருந்தாலே போதும், மானம் விடவில்லை. கரண்டை அணைத்து, எண்ணை மாற்றுவதற்காக ஜம்பர் என்கிற குட்டி மூடியைப் பிடுங்கினேன். அது கை நழுவிப் பெட்டிக்குள் விழுந்து மறைந்தது.

"அரே சேட், பில் தேதோ! நோ என்ட்ரி லக் ஜாயேகா!" என்று டிரைவர் ஹாரனை அழுத்தினார். சீக்கிரம் பில்லைக் கொடுக்காவிட்டால் சரக்கு வண்டிகளுக்குத் தடை நேரம் தொடங்கிவிடுமாம்.

மாமாவின் முகம் கறுத்தது. "சரக்கு இன்னைக்குப் போய்ச் சேரலன்னா ஆர்டரே போச்சு, தம்பி." (அதுவரை 'மாப்ள' என்றவர்.)

அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்தாள். (போட்டுக்கொள்ளத்தான் என்று நம்புகிறேன்.)

செல்வி கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, பெட்டிக்குள் விட்டு மூடியை எடுத்தாள்.

"எங்க மாட்டணும்?"

"அஞ்சுல."

மாட்டினாள். கரண்டைப் போட்டதும் பிரிண்டர் கர்ரென்று அடித்துத் தள்ளியது. டெம்போ பறந்தது.

"எனக்குச் சம்மதம்ப்பா," என்றாள். "ஆனா இவங்களத் தனியா எதையும் தொட விடாதிய."

இன்றைக்கும் அந்த வீட்டில் நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் போதும், மாமியார் அடுக்களையிலிருந்து குரல் கொடுக்கிறார்: "ஏட்டி செல்வி, டெம்போ போயாச்சான்னு பாரு!"