தோற்றதே இல்லாத மாப்பிள்ளையின் மூக்கு

எல்லார் தலையிலும் ஏறி அமர்ந்து அரசாளும் என் அக்காவின் சமூகத்துக்கு, ஒரே தம்பி எழுதுவது. இங்கே என் இடுப்பு நலம். அங்கே உன் கோபம் நலமா?

யாருமே நம்பாத கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன் என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். உட்கார்ந்து படி.

உன் மகள் ஒரு குத்துச்சண்டைக்காரனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நிற்கிறாள். நீயோ, "தோத்துத் தோத்து வர்றவனுக்கா என் பொண்ணு? அவன் பழகுற அதே பயிற்சிக் கூடத்துல தோத்ததே இல்லாத ஒருத்தன் இருக்கானாமே, அவனைக் கட்டிக்கட்டும்" என்று தீர்ப்பு சொல்லி, இருவரையும் எடைபோட என்னை அனுப்பினாய். போனேன். பார்த்த அதிர்ச்சியில் என் மீசை அங்கேயே நரைத்துவிட்டது.

கூடத்தில் அடித்த வியர்வை நாற்றத்தில் சுவர்க் கடிகாரமே மயங்கி நின்றிருந்தது. தோற்காதவர் கண்ணாடி முன் தன் தோளுக்குத் தானே முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். "யாரையெல்லாம் ஜெயிச்சீங்க தம்பி?" என்றேன். "எதிராளியை நான்தான் சார் பொறுக்கி எடுப்பேன்" என்றார் பக்கத்தில் நின்ற அவருடைய பயிற்சியாளர், பெருமையாக. விசாரித்தால், அய்யோ அக்கா, ஒருத்தன் பல்வலிக்காரன், ஒருத்தன் மேடைக் கயிற்றைத் தாண்டும்போதே தடுக்கி விழுந்தவன், இன்னொருத்தன் ட்யூப்லைட் மாட்ட வந்தவன்! ஏணியிலிருந்து இறங்கியவன் கையில் கையுறையை மாட்டிவிட்டார்களாம்!

உன் மகளின் ஆள் மூலையில் கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். "ஏம்ப்பா இத்தனை தோல்வி?" என்றேன். "என்னைவிடப் பெரிய ஆளாத் தேடிப் போய்த்தான் மோதுவேன் சார். பயந்தாங்கொள்ளியை அடிச்சு என்னத்தைக் கத்துக்கிறது?" என்றான்.

இருவரையும் மோதவிட்டேன். மணி அடித்ததும் இவன் விட்ட ஒரே குத்து தோற்காதவரின் மூக்கில் விழ, கூரை ஒரு முழம் எழும்பி இறங்க, அவர் அடித்தவனைப் பார்க்காமல் பயிற்சியாளரைப் பார்த்து, "சார், இவன் என்னை அடிக்கிறான் சார்!" என்று விம்ம, "இது கணக்குல சேராது, இறங்குடா!" என்று பயிற்சியாளர் அலற, வந்த பஸ்ஸில் கையுறையோடு தொற்றிக்கொண்டு போயே போய்விட்டார் நம் தோற்காதவர்.

உன் மகளிடம், "ஜெயிக்கிறவன் ஒருத்தன் கிடைக்கலையாம்மா?" என்று கேட்டேன். "ஜெயிச்சு மட்டுமே பழகினவர் எங்கம்மாகிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை தாங்குவாரா மாமா? தோத்துட்டு மறுபடி எழுந்து வரத் தெரிஞ்ச ஆள்தான் நம்ம வீட்டுக்குச் சரி" என்றாள். பிறந்ததிலிருந்து உனக்குத் தம்பியாக இருப்பவன் நான். என்னத்தை மறுத்துப் பேச?

நீண்ட ஆயுளோடும், அடுத்த சில வரிகளுக்காவது நிதானத்தோடும் நீ இருக்க வேண்டும் என்று பிரார்த்திக்கும்,
உன் தம்பி.

பின்குறிப்பு: பல்வலி, ட்யூப்லைட், பஸ் எல்லாம் என் கைச்சரக்கு. தோற்காதவர் நிஜமாகவே கெட்டிக்காரர். அன்றும் தோற்றது உன் மகளின் ஆள்தான். விழுந்து விழுந்து எழுந்து, கடைசி மணிவரை நின்று தோற்றான். சின்னதாக ஒன்று மட்டும் உண்மை: உன் மகள் சொன்னது. அதைக் கேட்ட பிறகுதான் இன்று காலை பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கடிதத்தை உன்னிடம் நீட்டிவிட்டு வாசலிலேயே நிற்கிறானே, அவன்தான் உன் மாப்பிள்ளை.