மூட்டைக்கு ஜாதகம் பார்த்தவர்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய எந்தப் புளி மூட்டையும் 'ஜாதக'த்திடம் சோதனைக்கு உட்படாமல் லாரி ஏறியதில்லை. சின்னசேலத்தில் ஒரு புளி மண்டியில் அவர் லோடுமேன், நான் மேனேஜர். அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான்.

மற்றவர்கள் மூட்டையைக் கண்டதும் தூக்குவார்கள். இவர் முதலில் ஒரு மூலையைத் தூக்கிக் கனம் பார்ப்பார். பிறகு லாரிவரை நடந்து, வழியில் கிடக்கும் சணல், புளியங்கொட்டை எல்லாவற்றையும் பொறுக்குவார். அப்புறம்தான் முட்டியை மடித்து, மூட்டையை மார்போடு அணைத்து எழுவார். திரும்பும்போது இடுப்பு அசையாது. பரேடு போலீஸ் மாதிரி கால்கள்தான் திரும்பும்.

முதலாளியின் அப்பா இறந்த அன்று, பாடையைத் தூக்கப் போனவர்களையே ஜாதகம் நிறுத்திவிட்டார்.

"முட்டிய மடிங்கப்பா! அவரு எங்கியும் ஓடிட மாட்டாரு. உங்க இடுப்பு போச்சின்னா உங்கள யாரு தூக்கறது?"

அழுதுகொண்டிருந்த முதலாளியே சிரித்துவிட்டார்.

ஒருநாள் திடீர் மழை. வெளியே அடுக்கியிருந்த மூட்டைகள் நனைந்தன. ஜாதகம் வழக்கம்போல ஒரு மூலையைத் தூக்கினார்.

"தண்ணி குடிச்சிக்கீது சார். கனம் ஜாஸ்தி. ரெண்டாவது ஆள் வரட்டுங்க."

"நீ மூட்ட தூக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முதல்முறையாக அவர் ஒற்றை ஆளாக, அவசரமாகத் தூக்கி, இடுப்போடு திரும்பினார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மூட்ட நனையிது சார், உள்ள எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

அதன்பின் அவர் மூட்டை தூக்கவே இல்லை. கால் வழுக்கி விழுந்ததாக முதலாளியிடம் சொன்னேன். பத்து வருடம் ஜாதகத்தின் முகத்தில் விழிக்கவில்லை.

போன மாதம் ஒரு பை மாம்பழத்தோடு வடக்கனந்தலில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் கோலோடு வாசலுக்கு வந்தார்.

"நான்தான்யா அன்னிக்கி உன்ன ஒத்தையாத் தூக்க வெச்சேன். நீ வழுக்கி வுழுந்துட்டேன்னு மொதலாளிகிட்ட பொய்யும் சொன்னேன்."

"தெரியும் சார். நானும் அங்கதான இருந்தேன்."

குனிந்து, கீழே வைத்திருந்த பையை எடுக்கப் போனேன்.

"இருங்க சார்!"

பையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கிக் கனம் பார்த்தார். வழியில் கிடந்த செருப்பைக் கோலால் தள்ளினார்.

"ஒத்த ஆளு வேல இல்லிங்க இது. முட்டிய மடிங்க."

ஐந்து கிலோ மாம்பழம்தான். ஒரு காதை நான் பிடித்தேன். மறு காதை அவர் பிடித்துக்கொண்டார்.