ஷட்டருக்கு வந்த சஸ்பென்ஷன்

கதவின் கடமை மூடிக்கொள்வது. தொண்ணூற்று நாலாம் வருஷம், மைசூரில் ஒரு பம்பு கம்பெனி குடோனின் இரும்பு ஷட்டர் இந்தக் கடமையைச் சற்று வேகமாகவே செய்துவிட்டது. ஸ்பிரிங் அறுந்து அது இறங்கியபோது, கீழே ஹனூர்க்காரரான குடோன் தொழிலாளி கரியப்பனின் வலது தோள் இருந்தது. எலும்பு முறிந்தது. ஷட்டரும் லேசாக நெளிந்தது.

மாவுக்கட்டு காய்வதற்குள் கரியப்பனுக்கு மெமோ வந்தது. கடமையாற்றிக்கொண்டிருந்த ஷட்டரைத் தோளால் தடுத்து, கம்பெனி சொத்தை நெளித்த குற்றத்துக்காக அவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டிருந்தார். விசாரணை முடியும்வரை பாதிச் சம்பளம்.

"உங்க மேல வுழுந்ததுக்கு உங்களுக்கேவா தண்டனை?" என்றாள் மனைவி பழனாத்தாள்.

அவருக்கும் புரியவில்லை. வேலை போனால் தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கக்கூட இந்தத் தோள் உதவாது என்பது மட்டும் புரிந்தது.

யூனியன் தலைவர் நஞ்சுண்டசாமி பொங்கி எழுந்தார். சம்பவத்தில் சம்பந்தப்பட்டவர்கள் இருவர். ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மற்றவரை டியூட்டியில் வைத்திருப்பது பாரபட்சம் என்று வாதாடினார். பர்சனல் ஆபீசர் ஹேமந்த் நியாயஸ்தர். ஷட்டரையும் சஸ்பெண்ட் செய்தார்.

தன்மேல் ஒட்டிய மெமோவுக்கு ஷட்டர் பதில் தரவில்லை. மௌனம் சம்மதம். ஆகவே குற்றவாளி அதுதான் என்றாகி, தோள் கூடியதும் கரியப்பன் வேலைக்குத் திரும்பினார். ஷட்டரின் தண்டனையை மட்டும் பெங்களூர் தலைமை அலுவலகம் முடிவு செய்ய வேண்டும். அதுவரை சஸ்பென்ஷன். சஸ்பென்ஷன் என்றால் பாதிதான் என்பது விதி. ஷட்டருக்குச் சம்பளம் கிடையாது என்பதால், அதைப் பாதி மட்டும் தூக்கி அடியில் முட்டுக் கொடுத்தார்கள்.

எல்லோரும் குனிந்து போய்வந்தார்கள். மறந்து நெற்றி வீங்கியவர்களுக்கு, விசாரணையில் இருப்பவரைத் தாக்கியதாக மெமோ வந்தது.

கரியப்பன் ஹேமந்திடம் போய் மெல்லச் சொன்னார்: "புது ஸ்பிரிங் போட்டா முழுசாத் தூக்கிரலாமுங்க சார்."

"கேஸ் நடக்கறப்போ ஸ்பிரிங்கைத் தொட்டா சாட்சியைக் கலைச்ச மாதிரி ஆயிடும், கரியப்பா. உங்க மேலயே திரும்பும்."

கரியப்பன் தோளைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தார்.

கம்பெனிகளுக்கு ஜப்பான் மோகம் பிடித்திருந்த காலம் அது. பெங்களூரிலிருந்து வந்த டைரக்டர், தொழிலாளிகள் வளைந்து வணங்கியபடி வேலைக்கு நுழைவதைக் கண்டு நெகிழ்ந்துபோனார். இனி எல்லாக் கதவையும் பாதிதான் திறக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அன்று கேட் மீட்டிங் போட்டார் நஞ்சுண்டசாமி. ஒரு தொழிலாளியை நசுக்கிய கதவோடு மற்ற கதவுகளுக்கும் தண்டனை வாங்கிக் கொடுத்ததை விளக்கிவிட்டு, "தோழர்களே, கடைசியில நிர்வாகம் நம்மகிட்டப் பணிஞ்சிடுச்சு" என்று முடித்தார். கரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தோள் வலிக்க வலிக்கக் கைதட்டினார்.

சங்கு ஊதியது. தலைவர் முதலில் குனிந்தார். பின்னாலேயே எல்லோரும் குனிந்து உள்ளே போனார்கள்.