மூலையில் ஓடும் எண்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், செய்யாதவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கட்சியிலும் சேராமல், வேலையைத் தொடங்குவதற்கு வேண்டியதையெல்லாம் சரிசெய்துகொண்டே காலத்தைக் கழிக்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதற்குச் செட்டிங்ஸ்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீங்கள் இவரைப் பார்த்திருக்கிறீர்கள். கலியாண வீட்டில் குடும்பத்தையே வரிசையாக நிற்கவைத்து, கெமராவைத் திருகிக்கொண்டே இருந்து, கைக்குழந்தை அழத் தொடங்கி, மாப்பிள்ளையின் சிரிப்பு காய்ந்து, பெரியம்மா கதிரை தேடி உட்கார்ந்த பிறகு, "ஒரு நிமிஷம், வெளிச்சம் சரியில்ல" என்கிறாரே, அவர்தான். சோம்பேறியா? இல்லவே இல்லை. வியர்வை சிந்துவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. சிந்திய வியர்வைக்குப் படம் மட்டும் வராது.

இந்த இனத்தின் புதிய கிளை, கணினியில் கேம் விளையாடி அதை உலகத்துக்கு நேரலையாகக் காட்டுகிறவர்களுக்குள் செழித்து வளர்கிறது. நம் யோகேஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள்.

யோகேஸ்வரனுக்கு ராகலை டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை. டவுனுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருப்பு. மனைவி லோஜினி, தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். கொழும்பில் யாரோ வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போன லெப்டொப் ஒன்று யோகேஸ்வரன் கைக்கு வந்தது. அதில் பஸ் ஓட்டும் கேம் ஒன்றை ஏற்றினான். யாரோ ஒரு புண்ணியவான் நம் ஊர்ச் சிவப்பு பஸ்ஸையும், கண்டியிலிருந்து ராகலை வரை மலையேறும் பாதையையும் ஏறக்குறைய அப்படியே செய்து இணையத்தில் போட்டிருந்தான். ஞாயிறு பகலில் யோகேஸ்வரன் அந்த பஸ்ஸை ஓட்டுவான். போன் டேட்டாவில் நேரலை போகும்.

ஓட்டுவது பெரிய விஷயமில்லை. அவன் பேச்சு இருக்கிறதே, அதுதான். கண்டக்டர் குரலில் "முன்னுக்குப் போங்க, முன்னுக்கு, நடுவுல நிக்கிற ஐயா, ஒங்களத்தான்" என்று தொடங்கினால், மரக்கறி மூட்டையோடு ஏறுகிறவர், காசு மாற்ற முடியாத தாளை நீட்டுகிறவர், இறங்கவேண்டிய இடம் தாண்டிய பிறகு மணியடிக்கிறவர் என்று இல்லாத பயணிகளையெல்லாம் ஏற்றி, ஒவ்வொருவரோடும் சண்டை போட்டு, பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் பஸ்ஸை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பான். பார்க்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் தவறாமல் வருவார்கள். அவர்களில் முதல் ஆள் அவன் அக்கா ஜீவராணி. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அங்கே ஞாயிறு வேலை நாள். வீட்டுக்காரர்கள் ஆபீசுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் வீடு அவள் கைக்கு வரும். அப்போது தம்பியின் பஸ் புறப்படும்.

இப்படிச் சுகமாக ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸுக்குக் கீழே, யாரோ ஒருவர் ஒரு நாள் எழுதினார்: "அண்ணே, படம் கொஞ்சம் திக்குதே."

அவ்வளவுதான். எழுதியவர் அதை எழுதிவிட்டு மறந்து, சோறு தின்னப் போயிருப்பார். யோகேஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை.

திரையில் ஓடும் படம் ஒரு வினாடிக்கு எத்தனை ஃபிரேமாக ஓடுகிறது என்று காட்டும் எண் ஒன்று உண்டு. அறுபது என்றால் பஸ் வழுக்கிக்கொண்டு போகும். இருபதுக்கு வந்தால் கண்ணுக்கே விக்கல் எடுக்கும். அந்த எண்ணை யோகேஸ்வரன் திரையின் மூலையில் கொண்டுவந்து வைத்தான். அன்றிலிருந்து அவன் பாதையைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தான். பச்சைத் தேயிலைச் சரிவுகள் ஜன்னலோரமாக ஓட, கண்டக்டர் மட்டும் "ஐம்பத்தெட்டு... நாப்பத்தொண்ணு... ஐயோ, இருபத்தாறு" என்று முணுமுணுத்தபடி வந்தார்.

செட்டிங்ஸ்காரர் எவருக்கும் ஒரு குரு வேண்டும். யோகேஸ்வரனுக்கு றிச்சர்ட் வாய்த்தான். ஹட்டனில் இருக்கிறான்; அவனும் கேம் ஆடுகிறவன்; அதாவது, ஆடுவதாக இருக்கிறவன். தொலைபேசியில் அவன் சொல்லாத வைத்தியம் இல்லை. டிரைவர் மென்பொருளைப் புதுசாக்கு என்றான். புதுசாக்கியபின் பழையதுதான் நல்லது என்றான். நிழலை அணை, புல்லைக் குறை, மழையை நிறுத்து என்றான். கேமுக்குள் இருக்கும் மழையைத்தான். படம் திக்குவதற்கு இணையம் காரணமாக இருக்கலாம், படத்தைப் பிடித்துச் சுருட்டி அனுப்பும் மென்பொருள் காரணமாக இருக்கலாம், கேமே காரணமாக இருக்கலாம். மூன்றும் வேறு வேறு நோய். எந்த நோய் என்று பார்த்துவிட்டு மருந்து கொடுப்பதுதான் முறை. நம் ஆட்கள் மூன்றுக்கும் ஒரே நாளில் கொடுத்தார்கள். ஒன்று கொஞ்சம் சுகமானால் எதனால் சுகமானது என்று தெரியாமல், எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள்.

லெப்டொப் சூடாகிறது, அடியில் காற்று போகவேண்டும் என்று றிச்சர்ட் சொன்ன நாளில், லோஜினியின் பிரம்பில் பின்னிய இடியப்பத் தட்டுகள் நாலு காணாமல் போயின. பின்னல் வழியாகக் காற்று நன்றாகப் போகிறதாம். ஊரே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பல் நடுங்க உட்கார்ந்திருந்த மார்கழியில், இவன் ஜன்னலைத் திறந்து வைத்து, இடியப்பத் தட்டின்மேல் இருந்த லெப்டொப்புக்குக் காற்றாடி போட்டான். இடியப்பத்துக்குப் பதிலாக லோஜினி ரொட்டி சுட்டாள்.

இதற்கிடையில் குவைத்தில் ஒன்று நடந்தது. தை மாதம் லீவில் வரவேண்டிய ஜீவராணிக்கு, வீட்டுக்கார அம்மாவின் தாயாருக்குச் சுகமில்லாததால், இப்போது போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சூட்கேஸில் அடுக்கியதைத் திரும்ப எடுத்து வைத்ததாக அவள் போனில் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். யோகேஸ்வரன் வாயில் வந்ததைச் சொன்னான்.

"வர்ற ஞாயித்துக்கிழம நான் ஒன்னய பஸ்ஸுல கூட்டிக்கிட்டு வர்றேன் அக்கா. கட்டுநாயக்கா ஏர்போட்டுல எறங்கி வேன்ல கண்டிக்கு வந்துட்டன்னு வச்சுக்க. கண்டியில இருந்து ராகலை வரைக்கும் நான்தான் டிரைவர்."

அவள் சரி என்றாள். ஜன்னலோரச் சீட் வேண்டும் என்றும் சொன்னாள்.

அந்த ஞாயிறு வந்தது. கண்டியில் பஸ் புறப்பட்டது. பேராதனையிலேயே திக்கியது. கம்பளைக்கு வருவதற்குள் கண்டக்டர் பாதிப் பேச்சை விழுங்கிவிட்டார். எண் இருபதுக்கும் எழுபதுக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து லயத்தில் கரண்ட் போனது. லெப்டொப் பேட்டரிக்கு மாறியது. மாறியதும், திக்கல் நின்றுவிட்டது.

மந்திரம் ஒன்றுமில்லை. பேட்டரியில் ஓடும்போது சக்தியை மிச்சம் பிடிக்க, அந்த லெப்டொப் கேமைத் தானாகவே முப்பதுக்குள் கட்டிப்போடும். அதுவரை கேம் லெப்டொப்பின் பலத்தையெல்லாம் தானே தின்று, படத்தைச் சுருட்டி அனுப்பும் மென்பொருளுக்குப் பருக்கைகூட மிச்சம் வைக்காமல் இருந்தது. கட்டிப்போட்டதும் மற்றதற்கும் சோறு கிடைத்தது. இரண்டும் சண்டையில்லாமல் ஓடின.

ஆனால் யோகேஸ்வரன் இதை அறியவில்லை. கரண்ட் போன பதற்றத்தில் மூலையைப் பார்க்க மறந்திருந்தான். பழைய கண்டக்டர் திரும்பி வந்தார். புசல்லாவையில் ஒரு கிழவர் கோழியோடு ஏறினார். கோழிக்கு டிக்கெட்டா என்று வழக்கு நடந்தது. "குவைத்துல இருந்து வர்ற அக்காவுக்கு ஜன்னல விடுங்க, பெட்டி வச்சிருக்காங்க" என்று பஸ்ஸே எழுந்து இடம் கொடுத்தது. இன்றைக்கு அருமை, படமும் சுத்தம் என்று கீழே எழுதத் தொடங்கினார்கள். அடுப்படியில் நின்ற லோஜினி அகப்பையோடு வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

படம் சுத்தம் என்று வாசித்ததும் யோகேஸ்வரனின் கண் மூலைக்குப் போனது. முப்பது.

ரம்பொடை வளைவில் பஸ்ஸை ஓரம் கட்டினான்.

"என்னாங்க, நல்லாத்தானே போகுது?" என்றாள் லோஜினி.

"முப்பது லோஜினி. பாதிதான் ஓடுது."

"ஆருக்குத் தெரியுது?"

எண்ணுக்குத் தெரிகிறதே என்று அவன் சொல்லவில்லை, முகம் சொன்னது. கட்டிப்போட்ட இடத்தைத் தேடினான், கண்டுபிடித்தான், அவிழ்த்துவிட்டான். எண் நாற்பதுக்குப் பாய்ந்தது, பதினெட்டுக்கு விழுந்தது, காற்றாடி அலறியது, செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஜனங்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள், பேட்டரி தீர்ந்து திரை கறுத்தது. பஸ் ரம்பொடையிலேயே நின்றது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜீவராணியிடமிருந்து போன் வந்தது. அவள் பேசுவதற்கு முன்பே யோகேஸ்வரன் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி, முப்பது, அறுபது என்று விளக்கி, படம் அவளுக்கு எந்த இடத்திலிருந்து திக்கியது என்று கேட்டான்.

"எந்தப் படம்?" என்றாள் அவள்.

பஸ் படம் என்றான்.

"நான் எங்கடா படம் பாத்தேன். அயன் பண்ற நேரம் அது. போனை ஏப்ரன் பைக்குள்ள போட்டுக்கிட்டு ஒன் பேச்சத்தான் கேப்பேன். எப்பவுமே அப்படித்தான்."

 அவளே தொடர்ந்தாள்:

"என்னய ரம்பொடையில எறக்கி விட்டுட்டுப் போயிட்டியே தம்பி."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். இவனுக்கு அன்று சோறு மறுபடியும் இறங்கவில்லை. இந்தத் தடவை காரணம் நல்ல காரணம்.

அடுத்த ஞாயிறு அவனே கேமை முப்பதில் கட்டிப்போட்டான். செட்டிங்ஸ்காரருக்கு இது தன் கையாலேயே மீசையை வழித்துக்கொள்வது போல. ஆனாலும் செய்தான். எண்ணை அணைத்துவிடச் சொன்னாள் லோஜினி. அதுமட்டும் முடியாது என்றான். அவள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் திரையின் மூலையில் ஒட்டிவிட்டு, கோழிக்காரர் இன்னும் இறங்கவில்லை, மறந்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ரம்பொடையிலிருந்து பஸ் புறப்பட்டது. மழை பிடித்துக்கொண்டது; கேமுக்குள் அல்ல, வெளியே. அக்கா எங்கே போனாள் என்று பஸ்ஸே தேடியது. வடை வாங்க இறங்கினாள், வந்துவிட்டாள் என்று கண்டக்டர் சமாதானம் சொன்னார். கோழிக்காரர் நுவரெலியாவில் இறங்கினார். கோழி இறங்க மறுத்தது. கந்தப்பளையில் பனி. யோகேஸ்வரன் ராகலை டவுனில் பஸ்ஸைத் திருப்பினான். "அக்கா, எறங்குற எடம் வந்துருச்சு. பெட்டிய நான் எடுத்துக்கிட்டு வர்றேன், நீ மொதல்ல எறங்கு" என்றான்.  லோஜினி அடுப்படியில் மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் என்று பிறகு சொன்னாள்.

சற்று நேரத்தில் குவைத்திலிருந்து குரல் செய்தி வந்தது. கணவனும் மனைவியும் ஒரே போனில் காதை வைத்துக் கேட்டார்கள்.

"வந்து சேந்துட்டேன் தம்பி. நம்ம தகரத்துல மழ விழுகிற சத்தம்கூட நல்லாக் கேட்டுச்சு. மேசையில சட்டய வச்சுட்டு அப்படியே நின்னுட்டேன்."

லோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். யோகேஸ்வரன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மழ சத்தம் உள்ள வருதா?" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள் றிச்சர்டுக்கு அழைப்புப் போய்விட்டது. மைக் எங்கே வைத்திருக்கிறாய், மச்சான், என்பதிலிருந்து பேச்சு தொடங்கியது. சத்தத்தை வடிகட்டும் வழி ஏழெட்டு உண்டாம். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கவேண்டுமாம். இப்போது வீட்டிலிருக்கும் இரண்டு கம்பளிகளும் கூரைக்கு அடியில் கட்டப்பட்டிருக்கின்றன. ஜன்னலில் மெத்தை சாய்ந்து நிற்கிறது. கணவனும் மனைவியும் ஸ்வெட்டரோடு வெறும் பாயில் படுக்கிறார்கள். வருகிற ஞாயிறு பஸ் ஓடுமா என்று கேட்டு ஜீவராணி செய்தி அனுப்பியிருக்கிறாள். ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, முடிந்ததும் ஓடும் என்று இவன் பதில் போட்டிருக்கிறான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். யோகேஸ்வரன் உங்களுக்குச் சொந்தமுமில்லை, பந்தமுமில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. இதை வாசிக்க உட்கார்ந்தபோது, கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறதென்று திருப்பிப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, துடைத்த துணி சரியில்லையென்று வேறு துணி தேடி, இதையெல்லாம் ஆற அமர வாசிக்கவேண்டும் என்று தேத்தண்ணி ஊற்றப் போனீர்களே, அந்தத் தேத்தண்ணியில் சீனி சரியாக இருந்ததா?