மண்ணாத்தாவின் ரத்தம்

வெள்ளிக்கிழமையானால் திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில் பஸ் நகராது. மலைக்கு வந்த கூட்டம் அல்ல. முந்தானையில் மண் முடிந்துகொண்டு வந்த கூட்டம். பூமிவாக்கு பரசுராம சுவாமிகள் வயல் மண்ணைப் பார்த்தே வீட்டின் பாவத்தைச் சொல்வாராம். சில வருஷம் முன்புவரை சுவாமிகள் அரக்கோணத்தில் பிளாட் விற்றார். அப்போதும் மண்தான், அப்போதும் இதே ஜனங்கள்தான்.

சுவாமிகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய படம். மாலை, குங்குமம், கற்பூரம். சாமி படம் இல்லை. வேளாண்மைத் துறையினர் வயல் வயலாக மண் எடுத்துச் சோதித்து, எந்தச் சத்து எங்கே குறைவு என்று காட்டிய வரைபடம். துத்தநாகம் குறைந்த இடங்களுக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள். ஊராட்சி அலுவலகச் சுவரில் அது தொங்கியவரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சுவாமிகள் அதையே பெரிதாக அச்சடித்து, "சிவப்பெல்லாம் ஆத்தாளின் கோபம்" என்றார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கன்னியம்மாளின் நெல்வயல் அந்தச் சிவப்புக்குள் இருந்தது. இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி. போன வாரம் மண் கொண்டுபோனாள். சுவாமிகள் மஞ்சள் தண்ணீர்த் தட்டில் அதைப் போட்டுக் கட்டைவிரலால் கலக்கினார். தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது.

"உன் வீட்டுக்கு வந்தவ கால் சரியில்ல. அவ எல்லையத் தாண்டினாதான் பயிர் தேறும்."

வீட்டுக்கு வந்தவள் நிர்மலா. மருமகள். இன்னும் பிள்ளை இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஞானதிருஷ்டி எதற்கு? டீக்கடை போதும்.

இந்த வெள்ளிக்கிழமை நிர்மலாவின் பை கட்டியாகிவிட்டது. பொதட்டூர்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்கு. கணவன் திலீப் செல்போனில் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"போறேன் அத்தை. போற வழியில சாமிகிட்ட ஒருவாட்டி மண்ணக் காட்டலாம், வாங்க. வயல் மண்ணு நீங்களே அள்ளிக்கினு வாங்க."

"அவரு சொன்னதுதான சொல்வாரு?"

"சொல்லட்டுமே."

நூலுக்குச் சாயம் ஏற்றும் வீட்டில் பிறந்தவள் நிர்மலா. நிறம் சும்மா வராது என்று அவளுக்குத் தெரியும்.

சுவாமிகள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே அவள் பொட்டலத்தை வாங்கினார். கலக்கினார். சிவந்தது. கூட்டம் "ஆத்தா!" என்றது.

"பாத்தியா? உன் கால் பட்ட வயலு எப்படி அழுவுது!"

"இது எங்க வயலு இல்ல சாமி. உங்க துளசிமாடத்து மண்ணு. நேத்து அள்ளிக்கினு போனேன்."

யாரும் சிரிக்கவில்லை. பக்தி அவ்வளவு சீக்கிரம் இறங்குமா?

"நீ தொட்டல்ல, அதான்" என்றார் சுவாமிகள். பிளாட் விற்ற வாய்க்குப் பதிலா பஞ்சம்?

"சரி. அத்தை முந்தானையில எங்க வயல் மண்ணு இருக்குது. நான் தொடல. அவங்களே கலக்கட்டும்."

கன்னியம்மாள் வேறொரு மஞ்சள் தண்ணீர்த் தட்டில் போட்டுக் கலக்கினாள். கலங்கிய மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. வரிசை முன்னால் நகர்ந்து எட்டிப் பார்த்தது.

"பக்தியில்லாத கை!" என்று உறுமினார் சுவாமிகள்.

"அப்ப மண்ணே வேணாம். வெறும் மஞ்சத் தண்ணியில உங்க விரல வைங்க."

சுவாமிகளின் கை சால்வைக்குள் போனது.

"விரல் வெக்கிறதுக்கு இன்னா சாமி வெக்கம்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பக்தியில்லாத கை என்ற சொல் கன்னியம்மாளுக்கு உறைத்திருந்தது. எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டைவிரலை மண் போடாத தட்டில் அமுக்கினாள்.

வெறும் மஞ்சள் தண்ணீர் சிவந்தது.

கன்னியம்மாள் தட்டைப் பார்த்தாள். தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் ஆரத்தி கரைப்பவள் அவள்தான்.

"அடப்பாவி! மஞ்சள்ல சுண்ணாம்பு! இது ஆரத்திடா!"

சுவாமிகள் கொல்லைப்புறமாக ஓடினார். மாலை போட்ட வரைபடம் மட்டும் நின்றது.

பஸ் வந்தது. நிர்மலா பையை எடுத்தாள். கன்னியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள்; விடவில்லை. மருமகளின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"அந்தச் சிவப்பு இன்னான்னு எழுதிக்குது? நீ படி."

"துத்தநாகம் கம்மி. ஜிங்க் சல்பேட் போடணும்."

"உரக்கடையில கெடைக்குமா?"

"ஆங். கெடைக்கும்."

பஸ் போய்விட்டது.

அன்றைக்கு அங்கே வந்த பெண்களில் ஆரத்தி கரைக்காத கை ஒன்றுகூட இல்லை. இனி எவனாவது தட்டை நீட்டி ரத்தம் என்றால், பதறுவதற்கு முன்னால் யோசியுங்கள். அதே ரத்தத்தை நம் வீட்டு வாசலில் நாமே எத்தனை முறை கொட்டியிருக்கிறோம்!